போர்டை இரண்டு முறை படிப்பவள்

எனக்கு விவரம் தெரிந்து முதன்முதலாக வயிறெரிந்தது ஒருத்தியுடைய கனவைப் பார்த்து. அவளுக்கு என்னைவிட முடி நீளம். கணக்கில் என்னைவிட மதிப்பெண் அதிகம். பல்வரிசையும் என்னுடையதைப் போல முன்னும் பின்னுமாக இல்லாமல் ஒழுங்காக இருக்கும். அதையெல்லாம் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் அவற்றுக்கு ஏதாவது ஒரு சமாதானம் கையில் இருந்தது. முடி நீளம் என்றால் பேனும் அதிகம். கணக்கு வந்தால் பாட்டு வராது. கனவுக்கு மட்டும் எந்தச் சமாதானமும் சிக்கவில்லை.

அவள் என் சின்னம்மா மகள். என்னைவிட எட்டு மாதம் இளையவள். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருடம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் ஊர் காரிமங்கலத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. சித்தப்பா லாரி ஓட்டியவர்; அதற்கு இரண்டு வருடம் முன்பு தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரியோடு போய்விட்டார். சின்னம்மா பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் தைக்கப் போனாள். ஆடிப் பதினெட்டுக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, மகளைக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போயிருந்தாள். அப்பா காரிமங்கலத்தில் காத்திருந்து இறக்கிக்கொண்டு வந்தார். அவள் கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் மூன்று கவுன், ஒரு சீப்பு, பள்ளிக்கூடத்து டி.சி. இரண்டு மாதம் இருக்க வருகிறவள் எதற்கு டி.சி. வாங்கிக்கொண்டு வருகிறாள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

வந்த அன்றே அப்பா அவளைப் புகழ ஆரம்பித்துவிட்டார். "கெட்டிக்காரப் புள்ள. பஸ்ஸ விட்டு எறங்குனதும் முன்னாடி போயி நின்னு போர்டப் படிக்குது. படிச்சுட்டு அந்தாண்ட பாக்குது, மறுக்காவும் படிக்குது. நம்மூட்டுலயும் ஒண்ணு இருக்குதே, புஸ்தகத்தக் கண்டாலே கொட்டாவி வுடுது." அந்த ஒண்ணு நான்தான். அவள் செருப்பைக்கூட இன்னும் கழற்றியிருக்கவில்லை.

அன்றைக்கே படுக்கையில் என் இடமும் போயிற்று. பிறந்ததிலிருந்து நான் அம்மாவை ஒட்டித்தான் படுப்பேன். அவளை நடுவில் போட்டு, என்னைச் சுவர் ஓரமாகத் தள்ளினாள் அம்மா. புது இடம், பாவம், பயந்துகொள்வாளாம். ஆடிப் பதினெட்டு வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன். அவளும் அதே தேதியைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டாள். ஒரே தேதிக்காக நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் அம்மா பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை வெட்டிப் போட்டுவிட்டு வந்து எங்களுக்குத் தலைவாருவாள். அப்போது முந்தின ராத்திரி வந்த கனவைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடம் ஒரு தீர்ப்பு உண்டு. பாம்பு வந்தால் வேண்டுதல் ஏதோ மறந்திருக்கிறது. பல் விழுந்தால் சொந்தத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை. அப்பாவுக்கு எல்லாக் கனவும் வாயுக்கோளாறுதான். என் கனவுகளோ சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. வீட்டுப்பாடம் எழுதாமல் போய் நிற்பேன், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருப்பேன், இடம் நகராது. ராத்திரி தண்ணீர் நிறையக் குடித்திருப்பாய் என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவள் முறை வந்தது.

"பெரியம்மா, எனக்குக் கனவுலயே இது கனவுன்னு தெரிஞ்சுடும்" என்றாள். அம்மாவின் கையில் சீப்பு நின்றது. "தெரிஞ்சா அப்பறம் நாஞ் சொல்றதுதான். பறக்கணும்னா பறக்கலாம். யாரு வேணுமோ வரச் சொல்லலாம்."

முந்தின ராத்திரி அவள் தொப்பூருக்கு மேலே பறந்தாளாம். கீழே லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு எறும்பு வரிசையாக இறங்கினவாம். மேலிருந்தபடியே ஒவ்வொரு லாரிக்கும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போனாளாம். எல்லா லாரிகளும் பத்திரமாக இறங்கிவிட்டனவாம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு மறுபடியும் முதலிலிருந்து வாரினாள். எனக்கு வகிடு கோணலாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இவள் பறந்திருக்கிறாள், என்னால் ஓடக்கூட முடியவில்லை. அன்று எனக்கு அது மட்டும்தான் உறைத்தது.

அதிலிருந்து தினமும் காலையில் அவளுடைய கச்சேரிதான். அப்பாகூட டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பார். வாயுக்கோளாறு என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்கு யானைமேல் போவாள். ஏரி நிறையத் தண்ணீர் விடுவாள். எங்கள் புழுக் கொட்டகையில் கூடுகளை எல்லாம் சிவப்பாக மாற்றிவிட்டு, பிறகு பெரியப்பா திட்டுவார் என்று மறுபடியும் வெள்ளையாக்கிவிடுவாள். கனவிலும் அடக்கமானவள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் அம்மா கேட்டாள். "யாரு வேணாலும் வருவாங்கன்னு சொல்றியே, உங்கம்மாள ஒரு நாளைக்கு வரச் சொல்றதுதான கண்ணு?"

"கூப்புட்டா வருது பெரியம்மா. ஆனா மூஞ்சி நெலையா இருக்கறதில்ல. பாத்துட்டே இருக்கறப்ப வேற யாரோ மாதிரி ஆயிடுது. கனவுல எழுத்து இருக்குமில்ல, அது மாதிரி."

அன்று முதல் தோசை அவளுக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் முதல் தோசை எப்போதும் எனக்குத்தான். எண்ணெய் சரியாகப் பிடித்து, ஓரம் முறுகலாக வருவது அந்த ஒன்றுதான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. மூஞ்சி மாறுகிறதாம், அதற்கு ஒரு தோசை. எனக்கும் கனவு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

வரவில்லை. ஆகவே இட்டுக்கட்டினேன். நானும் நேற்றுப் பறந்தேன், சித்தேரி மலைக்குப் போனேன், அங்கே சாமை வயலுக்குமேல் ஒரு சுற்று வந்தேன் என்று ஒரு காலையில் எடுத்துவிட்டேன். "இவ பறந்தாளாமா! மலை பஸ்ஸே இவள ஏத்திக்கிட்டா மூச்சு வாங்கும்" என்று அப்பா சிரித்தார். அவள் மட்டும் சிரிக்காமல், நிஜமான அக்கறையோடு, "போர்டு படிச்சுப் பாத்தியாக்கா?" என்று கேட்டாள். என்ன போர்டு என்று கேட்டேன். என் மூக்கு அதோடு உடைந்தது. பறந்தவளுக்குப் போர்டைப் பற்றித் தெரியாமல் இருக்காதாம்.

பள்ளிக்கூடம் போகிற வழியில், மானம் போனாலும் பரவாயில்லை என்று, விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கனவில் எழுத்து நிற்காது. ஒரு போர்டைப் படித்துவிட்டுப் பார்வையைத் திருப்ப வேண்டும். மறுபடி அதே போர்டைப் படிக்க வேண்டும். தர்மபுரி என்று இருந்தது வேறு என்னவோ ஆகியிருந்தால் அது கனவு. பிறகு நம் இஷ்டம். அவ்வளவுதான் வித்தை. ஒளித்து வைக்காமல் சொல்லிக்கொடுத்தாள். ஒளித்து வைத்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவளைத் திட்ட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

பகலில் பழகினால்தான் ராத்திரியில் அதுவாக வரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவளும் பகலில் எல்லாப் போர்டையும் இரண்டு முறைதானே படிக்கிறாள். பள்ளிக்கூடப் பெயர்ப்பலகை, ரேஷன் கடை, பால் சொசைட்டி, போர்வெல் போடுகிறவர்களின் சுவர் விளம்பரம், எதுவும் அவள் கண்ணிலிருந்து தப்பாது. படிப்பாள், தலையைத் திருப்புவாள், மறுபடி படிப்பாள், பிறகு நடப்பாள். அவள் பின்னாலேயே நானும் படித்தேன். தீப்பெட்டி, ஷாம்பூ பாக்கெட், உரமூட்டை, இங்கே குப்பை கொட்டாதே. எல்லா எழுத்தும் அசையாமல் அப்படியே கிடந்தது. அந்த வருடம் தமிழ் வாசிப்பில் எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது. அதற்கும் அவள்தான் காரணம் என்று அப்பா சொன்னார்.

ஆடி பிறந்த வாரத்தில் ஒரு நாள், புழுக் கொட்டகையில் இலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து, திருடிய வெல்லத்தைத் தின்றுகொண்டிருந்தேன். அம்மாவும் அப்பாவும் உள்ளே வந்தார்கள். அம்மாவின் பட்டன் போனில் சின்னம்மா. போனின் காது கோளாறு. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அதனால் எனக்கும் கேட்டது.

சின்னம்மா அங்கே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாளாம். குழந்தை இருப்பதை அவரிடம் சொல்லவில்லையாம். "நீயே வெச்சுக்கோக்கா. உங்கூட்டுப் புள்ளயா வளரட்டும்" என்று அழுதாள். அம்மா அவளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, திட்டியதற்குத் தானும் அழுதாள். அப்பா இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகுதான் அம்மா என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வெல்லப் பிசுக்கோடு இருந்த என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"எம்மேல சத்தியம் பண்ணு. அவகிட்ட ஒரு வார்த்த சொன்ன, அன்னிக்கே அம்மா செத்துட்டேன்னு வெச்சுக்கோ. நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன்."

சத்தியம் செய்தேன். அன்று எனக்கு அவள்மேல் பரிதாபம் வந்தது என்று சொல்ல வேண்டும். வரவில்லை. இவள் போகப் போவதில்லை என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது. சுவர் ஓரம் இனி எனக்கு நிரந்தரம். முதல் தோசை நிரந்தரமாக அவளுக்கு. காலண்டரில் நான் போட்ட வட்டம் வெறும் வட்டம்.

இதில் அவள் அலட்டல் வேறு. எங்கம்மா பெங்களூரில் மாடி வீடு பார்த்திருக்கிறது, எனக்கென்று தனி அறை, ஜன்னல் வழியாக ரயில் தெரியும், நீ லீவுக்கு வந்தால் என் கட்டிலிலேயே படுத்துக்கொள்ளலாம் அக்கா என்பாள். எனக்கு நாக்கின் நுனி வரை வந்து நிற்கும். ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் இந்த மாடி வீடும் ரயிலும் அடங்கிவிடும். ஆனால் சொன்னால் அம்மா செத்துப்போவாள். வாயை மூடிக்கொண்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கனவில் சொன்னால்? கனவில் செய்வது எதுவும் கணக்கில் வராதே. சத்தியத்தை மீறியதாகாது, அம்மாவும் சாகமாட்டாள், அவளுக்கும் தெரியப் போவதில்லை, எனக்கும் ஆத்திரம் தீரும். நோட்டின் கடைசிப் பக்கத்தில், கனவு பிடிபட்டால் செய்ய வேண்டியதை எழுதி வைத்தேன். ஆசைப்பட்டதைத் தின்ன வேண்டும். பறக்க வேண்டும். அவளிடம் அதைச் சொல்ல வேண்டும். எது என்று எழுதவில்லை, அது என்று மட்டும் எழுதினேன்.

ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா எங்கள் இரண்டு பேரையும் காரிமங்கலம் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குச் சளிக் காய்ச்சல். இரண்டு நாளாகத் தூக்கமும் சரியாக இல்லை, தலை கனமாக இருந்தது. சந்தையில் பாவாடைத் துணி எடுத்தோம். ரோஸ் ஒன்று, நீலம் ஒன்று. எது வேண்டும் என்று அம்மா அவளைத்தான் முதலில் கேட்டாள். நான் ரோஸையே பார்த்துக்கொண்டிருந்தது கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவள் ரோஸ் என்றாள். "அம்மா வர்றப்ப போட்டுக்கறேன் பெரியம்மா" என்றாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு விலை கேட்டாள்.

பஸ் நிலையத்துக்கு வந்த பிறகுதான் வரமிளகாய் வாங்க மறந்தது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. எங்களைச் சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்து, பைகளை எங்கள் காலடியில் வைத்து, நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். வெயில் கொதித்தது. எனக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. எதிரே ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. பழக்கதோஷத்தில் போர்டைப் படித்தேன். காரிமங்கலம். தலையைக் குனிந்து கால் விரல்களைப் பார்த்தேன். கொஞ்சம் கண் அயர்ந்தேனோ என்னவோ. நிமிர்ந்து மறுபடி படித்தேன்.

தர்மபுரி.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே பஸ், அதே இடம், கண்ணாடியில் அதே எலுமிச்சம்பழ மாலை. எழுத்து மட்டும் மாறிவிட்டது. வந்துவிட்டது! கடைசியில் எனக்கும் வந்துவிட்டது! கிள்ளிப் பார்க்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த கனவைக் கிள்ளிக் கலைப்பாளா எவளாவது?

முதலில் தின்பது. பக்கத்தில் ஒரு அம்மா கூடையில் வெள்ளரிக்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தூவி வைத்திருந்தார். நேரே போய் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அவர் என்னைப் பார்த்து, "ஆசயா இருக்குதா கண்ணு? தின்னு, தின்னு" என்றார். சந்தேகமே இல்லை, கனவுதான். காரிமங்கலத்தில் எவர் சும்மா கொடுப்பார்? அடுத்தது பறப்பது. ஆனால் அதற்குள் அம்மா வந்து கனவு முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று, வரிசையை மாற்றி, பெஞ்சுக்குத் திரும்பினேன். அவள் ரோஸ் துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா ஒண்ணும் வரமாட்டாங்க" என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை. கனவில் எதற்குத் தாழ்த்த வேண்டும்? "அவங்க அங்க வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. நீ ஒருத்தி இருக்கறதயே அந்த ஆளுகிட்டச் சொல்லலியாம். மாடியும் இல்ல, ரயிலும் இல்ல. நீ எங்கூட்டுலயேதான் கெடக்கணும்."

சொல்லச் சொல்ல என்ன சுகமாக இருந்தது! இரண்டு மாதத்துப் புகைச்சல் மொத்தமும் வெளியே போயிற்று. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. பொய் என்று சண்டைக்கும் வரவில்லை. துணியைப் பையில் வைத்தாள். எழுந்து போய் அந்த பஸ்ஸுக்கு முன்னால் நின்றாள். போர்டைப் படித்தாள். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. முகத்தைத் திருப்பி வெள்ளரிக்காய்க் கூடையைப் பார்த்தாள். மறுபடி போர்டைப் படித்தாள். மறுபடி திருப்பினாள். மறுபடி படித்தாள்.

நானும் படித்தேன். ஒவ்வொரு முறையும் தர்மபுரி, தர்மபுரி என்றே இருந்தது.

அப்போது இன்னொரு டவுன் பஸ் வந்து நின்றது. காரிமங்கலம் என்று போர்டு. ஆட்கள் இறங்கினார்கள். கண்டக்டர் முன்னால் வந்து, போர்டை உருவி, திருப்பி, மறுபடி சொருகினார். பின்பக்கம் தர்மபுரி. ஊர் வந்து சேர்ந்த பஸ் திரும்பிப் போக வேண்டாமா? அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், நூறு தடவை அந்த பஸ்ஸில் போனவள் நான். போர்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

நாக்கில் மிளகாய்ப்பொடி எரிந்தது. அம்மா! செத்திருப்பாளே! பைகளைப் போட்டுவிட்டுச் சந்தைப் பக்கம் ஓடினேன். பாதி வழியில் மிளகாய்ப் பொட்டலத்தோடு அம்மா வந்துகொண்டிருந்தாள். இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. "என்னடி இது புதுசா?" என்று அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் ஏறிவிட்டது என்றாள். அவள் பேசுகிறாள், மூச்சு விடுகிறாள், சூடாக இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. தங்கையைப் பற்றிய நினைப்பு அதற்கு அப்புறம்தான்.

அவள் என் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வழி நெடுக வந்த எல்லாப் போர்டையும் படித்துக்கொண்டே வந்தாள். மருந்துக்கடை, சிமெண்டுக் கடை, கல்யாண மண்டபம், எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை. பஸ் வேகமாகத் தாண்டிவிட்டால் கழுத்தைத் திருப்பி, பின்னால் போகிற வரை பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே நான் பக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் காலையில் அம்மா தலைவாரும்போது என்ன கனவு என்று கேட்டாள். "வரல பெரியம்மா" என்றாள். அடுத்த நாளும் வரல. அதற்கடுத்த நாளும் வரல. பிறகு அம்மா கேட்பதை விட்டுவிட்டாள். அப்பா டிவி சத்தத்தைப் பழையபடி கூட்டி வைத்துக்கொண்டார். ஆடிப் பதினெட்டு அன்று ரோஸ் பாவாடையை உடுத்திக்கொண்டு எங்களோடு ஏரிக்கு வந்தாள். தன் அம்மா எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அம்மா என்னென்னவோ பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள், பாவம். "கொழந்தைங்கதான, மறந்துடுச்சு போல" என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் தலையைக் குனிந்து, படையலில் வைத்த மாவிளக்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி பாய் விரிக்கும்போது, "அக்கா, நீ பெரியம்மா பக்கத்துல படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, அவளாகவே சுவர் ஓரம் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் இரண்டு மாதமாக ஏங்கிய இடம். மறு பேச்சு பேசாமல் போய்ப் படுத்து, அம்மாவின் மேல் காலைப் போட்டுக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கினேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னித்துக்கொள்ள முடியவில்லை. அவ்வளவு நன்றாகத் தூங்கினேன்.

அவள் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். படித்தாள். இப்போது தர்மபுரியில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை செய்கிறாள், இரண்டு பிள்ளைகள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள். என் மகளுக்கு அவள் வாங்கித் தருகிற துணிதான் எப்போதும் பிடிக்கிறது. அதில்கூட எனக்கு லேசாக ஒரு காந்தல் உண்டு. அந்த பஸ் நிலையத்தைப் பற்றி நாங்கள் ஒரு முறைகூடப் பேசியதில்லை.

போன மாதம் என் மகள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கனவிலேயே இது கனவு என்று கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு பையன் விளக்கிக்கொண்டிருந்தான். எழுத்தை இரண்டு முறை படியுங்கள், கனவில் மாறிவிடும் என்றான். அட, இது எங்கள் வீட்டு வித்தையாச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வராதவர்கள் பகலில் பழகுங்கள், பழகிப் பழகிக் கைவந்துவிட்டால் அப்புறம் தேவையில்லை என்று அவன் முடித்தான். மகள் வீடியோவைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். நான் அதே வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

எனக்கு வரவில்லை, அதனால் நான் பகலில் படித்தேன். அவளுக்குத்தான் தினமும் வந்ததே. கைவந்த ஒருத்தி பகலில் எதற்காகப் படித்தாள்? பத்து வயதில் அவளுடைய முடியையும் தோசையையும் கனவையும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, இதைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அவள் முழித்திருக்கும்போதுதான், இது கனவாக இருந்துவிடாதா என்று படித்தாள். கண் விழித்தால் அப்பா லாரியைக் கீழே நிறுத்திவிட்டு வந்திருப்பார், அம்மா பஸ் ஏற்றிவிட்டிருக்க மாட்டாள் என்று படித்தாள். எங்கள் ஊருக்கு வந்த முதல் நாள், கையில் துணிக்கடைப் பையோடு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று, படித்துவிட்டு அந்தாண்டை பார்த்து, மறுக்காவும் படித்திருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று என் அப்பா சொன்னார். எனக்கு அன்றைக்கே வயிறெரிந்தது.